150 மி.மீ.க்கு மூன்று லென்ஸ்: சிம்மார்-எஸ், சிரோனார்-என், நிக்கோர்-டபிள்யூ. எதை எடுப்பது?

#1 தலைகீழ்பிம்பம்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 4×5 மடக்குக் கேமரா, 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடுவது. இதுவரை 90 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். இப்போது நார்மல் லென்ஸ் ஒன்று, அதாவது அகலமும் இல்லாமல் தூரமும் இல்லாமல் இயல்பான கோணம் தருவது, வாங்க வேண்டும். 150 மி.மீ. என்பது முடிவாகிவிட்டது, அதில் குழப்பம் இல்லை. பயன்படுத்திய லென்ஸ்கள் மூன்று ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதுதான் குழப்பம்: ஷ்னைடர் சிம்மார்-எஸ், ரோடன்ஸ்டாக் சிரோனார்-என், நிக்கோர்-டபிள்யூ. மூன்றும் முழுத்திறப்பில் எஃப்/5.6, மூன்றும் கோப்பால் 0 என்ற அளவு ஷட்டரில். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கட்டடங்கள், மரங்கள், எப்போதாவது ஆட்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஷ்னைடரில் ஒரு மென்மை உண்டு என்கிறார் ஒருவர், நிக்கோர் கத்தி மாதிரி வெட்டும் என்கிறார் இன்னொருவர். உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? எது அதிக ஷார்ப்?

#2 கறுப்புத்துணி

தெரியாது. மூன்றும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன். மூன்றும் பிளாஸ்மாட் வகை. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், ஷட்டருக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. பால் ருடால்ஃப் 1918 வாக்கில் கொடுத்த வடிவம் அது. அதற்கும் மூலம் 1892-இல் எமில் ஃபான் ஹோக் கணக்கிட்ட டாகோர். அப்புறம் வந்தவர்கள் கண்ணாடி வகையையும் கோட்டிங்கையும் மாற்றினார்கள், வளைவுகளை நுணுக்கினார்கள், எலும்புக்கூடு அதேதான்.

அடுத்தது, இந்த லென்ஸ்களை யாரும் எஃப்/5.6-இல் வைத்துப் படம் எடுப்பதில்லை. அது ஃபோகஸ் பார்க்க வெளிச்சம் கிடைப்பதற்காக. எடுப்பது துவாரத்தைச் சுருக்கி எஃப்/22, எஃப்/32-இல். அங்கே போனதும் லென்ஸின் பிழைகளைவிட ஒளிச்சிதறல்தான் எஜமானன். 1500-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு எத்தனை கோடுகள் பிரித்துக் காட்ட முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு கிடைக்கும். எஃப்/22-இல் 68. எஃப்/32-இல் 47. எஃப்/45-இல் 33. இந்தக் கூரைக்குக் கீழே ஷ்னைடராவது நிக்கோராவது, எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும்.

16×20 அங்குல அச்சு என்றால் 4×5-இலிருந்து நான்கு மடங்கு பெரிதாக்கல். அச்சில் மி.மீ.க்கு 6, 7 கோடு தெரிந்தாலே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்குப் போதும். அப்படியானால் ஃபிலிமில் 28 இருந்தால் சரி. மூன்று லென்ஸும் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கையில் நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

#3 அகலக்கோணம்

கறுப்புத்துணி சொல்வதில் ஒரு சிறு திருத்தம். ஒளிச்சிதறல் என்பதைவிட விளிம்பு விளைவு (diffraction), அதாவது சின்னத் துவாரத்தின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது, என்று சொல்வது சரியாக இருக்கும். எண்கள் சரிதான்.

ஆனால் "நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ" என்பதோடு முடித்துவிட மாட்டேன். கேள்வி கேட்டவர் கட்டடம் எடுக்கிறார். கட்டடம் என்றால் ரைஸ், அதாவது கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே ஏற்றுவது. ரைஸ் என்றால் பிம்ப வட்டம், லென்ஸ் ஃபிலிம் இருக்கும் தளத்தில் போடும் வெளிச்ச வட்டம். நடுவில் எல்லா லென்ஸும் நல்லதுதான், ஃபிலிமை வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் யார் யார் என்று தெரியும்.

எஃப்/22-இல், முடிவிலியில், தயாரிப்பாளர்கள் தரும் வட்டத்தின் விட்டம்: சிம்மார்-எஸ் 210 மி.மீ., நிக்கோர்-டபிள்யூ 210, சிரோனார்-என் 214. இந்த மூன்றுக்குள் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு படி மேலே போனால் ஆப்போ-சிம்மார் 220, ஆப்போ-சிரோனார்-எஸ் 231. அங்கேதான் வித்தியாசம் ஆரம்பிக்கிறது.

#4 தலைகீழ்பிம்பம்

நன்றி இருவருக்கும். 210-க்கும் 231-க்கும் 21 மி.மீ. என்பது என் கேமராவில் எவ்வளவு ரைஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாதி, அதாவது 10 மி.மீ. கூடுதலா?

#5 அகலக்கோணம்

கிட்டத்தட்ட, ஆனால் சரியாகப் பாதி இல்லை. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும்.

ஃபிலிமைப் பிடிக்கும் ஹோல்டரின் ஓரக்கம்பிகள் மறைப்பது போக ஃபிலிமில் வெளிச்சம் படும் இடம் சுமார் 96×120 மி.மீ. மூலைவிட்டம் 154-க்குக் கொஞ்சம் குறைவு. வட்டம் 154 இருந்தாலே படம் மூடிவிடும், மிச்சமெல்லாம் நகர்த்துவதற்கான இடம்.

கட்டடத்துக்கு ஃபிலிமை நிமிர்த்தி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அகலத்தில் பாதி 48, உயரத்தில் பாதி 60. வட்டத்தின் ஆரம் 105. 105-இன் வர்க்கம் 11025, 48-இன் வர்க்கம் 2304. கழித்தால் 8721, வர்க்கமூலம் 93-க்குச் சற்று மேல். அதிலிருந்து 60 போனால் 33. சிம்மார்-எஸ், நிக்கோர் இரண்டிலும் 33 மி.மீ. ரைஸ் கிடைக்கும். 214-க்கு இதே கணக்கைப் போட்டால் 35, 36. அந்த இரண்டு மூன்று மி.மீ.க்காக யாரும் சண்டை போடத் தேவையில்லை. ஆப்போ-சிம்மாரில் 39. ஆப்போ-சிரோனார்-எஸ்ஸில் 45.

ஃபிலிமைப் படுக்க வைத்தால் 210-இல் 38, 231-இல் 51 கிடைக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. ரைஸோடு ஷிஃப்டும் சேர்ந்தால் கணக்கு சட்டென்று இறங்கிவிடும். நிமிர்ந்த ஃபிலிமில் பக்கவாட்டில் 20 மி.மீ. நகர்த்திவிட்டீர்கள் என்று வையுங்கள். 48 இப்போது 68 ஆகிவிடுகிறது. 210 மி.மீ. வட்டத்தில் மிஞ்சும் ரைஸ் 20தான். 231-இல் அதே நிலையில் 33 மிஞ்சும். கட்டடத்துக்கு நேர் எதிரே நிற்க இடம் கிடைக்காமல் ஓரமாக நின்று இரண்டு பக்கமும் நகர்த்தி எடுப்பவருக்கு இந்த 13 மி.மீ. பெரிய விஷயம்.

மரம், ஆட்கள் என்றால் இதையெல்லாம் மறந்துவிடலாம். பக்கத்தில் ஃபோகஸ் செய்யச் செய்ய வட்டம் விரிந்துகொண்டே போகும். பிம்பம் பொருளில் பத்தில் ஒரு பங்காக விழும் 1:10 அளவில் 210 என்பது 231 ஆகிவிடும். 1:1-இல் இரட்டிப்பு.

#6 முக்காலி

அதெல்லாம் சரி. அவருடைய கேமரா 45 மி.மீ. ரைஸ் கொடுக்குமா என்று யாராவது கேட்டீர்களா? மடக்குக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைத் தாங்கும் முன் சட்டம் அவ்வளவு ஏறாது. ஏறினாலும் முன்னையும் பின்னையும் இணைக்கும் துருத்தி, அதாவது பெல்லோஸ், இழுத்துப் பிடிக்கும். முதலில் ஸ்கேலை எடுத்து அதை அளக்கச் சொல்லுங்கள். கேமரா 30தான் ஏறும் என்றால் 231 மி.மீ. வட்டம் என்பது பூட்டிவைத்த அறை.

இன்னொன்று, ஃபில்டர். சிம்மார்-எஸ் 58 மி.மீ., நிக்கோர் 52, சிரோனார்-என் 49. உங்கள் 90-க்கு என்ன அளவு?

#7 தலைகீழ்பிம்பம்

அளந்தேன். முன் சட்டம் நேராக 40 மி.மீ. ஏறுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் சட்டங்கள் நிற்கும் அடித்தட்டைச் சாய்த்து இரண்டு சட்டங்களையும் நிமிர்த்த வேண்டும். இந்த 40-இல் ஷிஃப்ட் சேர்த்தால் 210 வட்டம் இடிக்கும் என்று இப்போது புரிகிறது.

90-க்கு 67 மி.மீ. ஃபில்டர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் 67-இல்தான் வைத்திருக்கிறேன்.

#8 முக்காலி

அப்போது எதை வாங்கினாலும் சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்டும் ஸ்டெப்-அப் வளையம் ஒன்று. பிரச்சினை தீர்ந்தது. 49-லிருந்து 67 ஒரே தாவலாகப் போகும் வளையம் தட்டு மாதிரி அகலமாக இருக்கும், அப்பர்ச்சர் நெம்புகோல் பக்கம் விரல் போக இடைஞ்சல் செய்யும். அவ்வளவுதான்.

#9 பழையகண்ணாடி

எல்லோரும் எஸ், என், டபிள்யூ என்று போய்க்கொண்டிருக்கிறீர்கள். பழைய சிம்மார் 150-ஐ ஏன் யாரும் சொல்லவில்லை? முன்கண்ணாடித் தொகுதியைக் கழற்றிவிட்டால் 265 மி.மீ. எஃப்/12 ஆகிவிடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

#10 கறுப்புத்துணி

இரண்டாவது மாங்காய் புளிக்கும். பாதி லென்ஸை மட்டும் வைத்து எடுக்கும்போது சமச்சீர் அமைப்பு போய்விடுகிறது, அது சரிசெய்து வைத்திருந்த பிழைகள் திரும்பி வருகின்றன. மூலைகள் குழையும், நிறப்பிழை எட்டிப் பார்க்கும், அப்பர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் நகரும். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் போட்டு, எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் பார்த்து எடுத்தால் சமாளிக்கலாம். ஆட்களின் முகத்துக்கு அந்தக் குழைவு சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். 150 ஆக மட்டும் பயன்படுத்தினால் அருமையான லென்ஸ்தான். ஆனால் பெரும்பாலும் பழைய காம்பர் ஷட்டரில் வரும், அதன் நிலையையும் பார்க்க வேண்டும்.

ஜி-கிளாரான் 150 எஃப்/9 பற்றியும் யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1:1 நகலெடுப்புக்குச் செய்த லென்ஸ், எஃப்/22-க்குச் சுருக்கினால் தூரத்துக்கும் நன்றாகவே வேலை செய்யும். சின்னது, லேசானது. ஆனால் வட்டம் 189 என்றுதான் தயாரிப்பாளர் கணக்கு, ஃபோகஸ் பார்க்கும் சொரசொரப்புக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் வெளிச்சமும் ஒன்றே கால் ஸ்டாப்புக்கு மேல் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்). சாயங்கால வெளிச்சத்தில் மூலையில் ஃபோகஸ் பார்ப்பவருக்குத் தெரியும் அந்த வேதனை.

#11 இருட்டறைவாசி

பெரிய வட்டம் வேண்டும் வேண்டும் என்கிறீர்கள். அதற்கு ஒரு வாடகை உண்டு, அதை யாரும் சொல்லவில்லை.

210 மி.மீ. வட்டத்தின் பரப்பில் ஃபிலிம் பிடிப்பது மூன்றில் ஒரு பங்குதான். மீதி மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம் எங்கே போகிறது? பெல்லோஸின் உள்மடிப்பில் போய் மோதுகிறது. கறுப்புத் துணியானாலும் கறுப்புத் தோலானாலும் கொஞ்சம் திருப்பித் தரத்தான் செய்யும். வெள்ளை வானம் படத்தில் இல்லாவிட்டாலும் வட்டத்துக்குள் இருந்தால், அந்த வானம் பெல்லோஸில் பட்டு உங்கள் நிழல்களில் வந்து உட்காரும். நெகட்டிவில் நிழல் பகுதி கொஞ்சம் சாம்பல் பூத்து, அச்சில் கான்ட்ராஸ்ட் கூடிய கிரேடு 3 தாள் கேட்கிறது என்றால் எல்லோரும் டெவலப்பரைத் திட்டுகிறார்கள். 231 மி.மீ. லென்ஸில் ஃபிலிமுக்குப் போவது இன்னும் குறைவு, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

அதனால் எந்த லென்ஸ் என்பதைவிட, அதற்கு முன்னால் பெல்லோஸ் ஹுட் ஒன்று இருக்கிறதா என்று கேட்பேன். படத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் திறந்துவைத்து மற்றதை மறைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஹோல்டரின் மூடித்தகடான டார்க் ஸ்லைடைக் கையில் பிடித்து வெயிலை மறைத்தாலும் பாதி வேலை முடிந்தது.

கோட்டிங் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். பிளாஸ்மாட்டில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் எட்டு. கோட்டிங்கே இல்லாத கண்ணாடியில் ஒவ்வொன்றிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும், எட்டும் தாண்டும்போது 72 சதவீதம்தான் மிஞ்சும். ஒற்றைக் கோட்டிங்கே இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிட்டது. மல்டிகோட்டிங் அதற்கு மேல் ஒரு மெருகு. சிம்மார்-எஸ்ஸில் இரண்டு விதமும் உண்டு, பிந்தியவற்றில் முன்வளையத்திலேயே மல்டிகோட்டிங் என்று பொறித்திருக்கும். கறுப்பு வெள்ளைக்கு ஒற்றைக் கோட்டிங் போதும் என்பேன். சூரியனைப் படத்துக்குள் வைத்து எடுப்பவர் மட்டும் மல்டிகோட்டிங் தேடட்டும்.

#12 கத்திமுனை

மன்னிக்கவும், "வித்தியாசமே இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. நான் இரண்டு 150-களை எஃப்/5.6-இல் அதே சுவரில் வைத்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் வலது மூலை பளிச்சென்று இருந்தது, இன்னொன்றில் கஞ்சி. ஸ்கேன் செய்து நூறு சதவீதத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

#13 கறுப்புத்துணி

வலது மூலை மட்டுமா? இடது மூலை எப்படி இருந்தது?

#14 கத்திமுனை

இடது மூலை இரண்டிலும் ஒரே மாதிரி.

#15 கறுப்புத்துணி

அப்படியானால் நீங்கள் சோதித்தது லென்ஸை இல்லை, கேமராவை. அல்லது அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து மையம் விலகியிருக்கிறது. அது அந்த ஒரு லென்ஸின் சங்கதி, அந்த மாடலின் சங்கதி இல்லை.

4×5 ஹோல்டரில் ஃபிலிம் உட்காரும் ஆழத்துக்கான தரநிலை 0.197 அங்குலம், கூடக்குறைய 0.007 அங்குலம். அதாவது 5 மி.மீ.இல் 0.18 இப்படியோ அப்படியோ போகலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. இப்போது ஒரு புள்ளி 0.03 மி.மீ. வட்டமாக மங்குவது வரைதான் ஏற்கத்தக்கது என்று கறாராக வைத்துக்கொண்டால், எஃப்/5.6-இல் ஃபோகஸ் ஆழம் மொத்தமே 0.34 மி.மீ., ஒரு பக்கத்துக்கு 0.17. ஹோல்டரின் அனுமதிக்கப்பட்ட பிசகே அதைத் தின்றுவிடுகிறது. இதோடு முன்சட்டமும் பின்சட்டமும் இணையாக இருக்க வேண்டும், கேமரா சுவருக்கு இணையாக இருக்க வேண்டும், ஃபிலிம் தொய்யாமல் இருக்க வேண்டும். எஃப்/22-இல் அதே கணக்கு 1.3 மி.மீ. ஆகிவிடுகிறது, பிசகுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

லென்ஸ் போர்டை, அதாவது லென்ஸ் மாட்டியிருக்கும் பலகையை, கழற்றித் தலைகீழாக மாட்டி அதே படத்தை எடுங்கள். மங்கல் இடது மூலைக்குப் போனால் லென்ஸ். வலதிலேயே நின்றால் கேமரா.

#16 கத்திமுனை

போர்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. செய்துவிட்டுச் சொல்கிறேன். ஆனாலும் ஆப்போ-சிரோனார்-எஸ் வட்டத்தின் ஓரத்தில் மற்றவற்றைவிட நன்றாக இருக்கும் என்பதில் மாற்றமில்லை.

#17 அகலக்கோணம்

அதில் நானும் உங்கள் கட்சி. ஓரத்தில் நன்றாக இருக்கும். அந்த ஓரத்துக்குப் போகிறவர்களுக்கு.

ஃப்யூஜினான் விட்டுப்போய்விட்டது, ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன். பெயரும் எண்ணும் முன்வளையத்தின் உள்பக்கம் எழுதப்பட்ட பழைய ஃப்யூஜினான்-டபிள்யூ 150-க்கு வட்டம் 245. ஒற்றைக் கோட்டிங்தான். எழுத்து வெளிப்பக்கம் வந்த பிந்திய மாடல்களில் மல்டிகோட்டிங் வந்தது, வட்டம் சுருங்கிவிட்டது. புதியது என்பதற்காகக் கூடுதல் கொடுத்து வாங்கிவிட்டு ரைஸ் போதவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. சிரோனார்-என் தேடுபவர்களுக்கும் ஒன்று: கால்டார் 2-என் என்ற பெயரிலும், சினாரான்-எஸ் என்ற பெயரிலும் விற்றது அதே ரோடன்ஸ்டாக் கண்ணாடிதான். பின்னாளில் ஆப்போ-சிரோனார்-என் என்று பெயர் மாறியதும் அதேதான். பெயர் புதிதாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள்.

#18 ஷட்டர்வைத்தியர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் பங்குக்கு.

மூன்று லென்ஸ்களுக்குள் வித்தியாசம் இல்லை என்றால், வாங்குவது மாடலை இல்லை, கையில் இருக்கும் அந்த ஒரு உருப்படியை. அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

ஷட்டரை டி-யில் (மறுபடி அழுத்தும்வரை திறந்தே நிற்கும் நிலை) திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து எல்இடி டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் குப்பைத்தொட்டி மாதிரி தெரியும், பயந்துவிடுவீர்கள். தூசி இருக்கும், விட்டுவிடுங்கள். கண்ணாடி ஓரத்துக் கறுப்புப் பூச்சில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் அதற்கு ஷ்னைடரைட்டிஸ் என்று கிண்டல் பெயர், படத்தில் எந்த விளைவும் கிடையாது, பேரம் பேச மட்டும் உதவும். நூல் நூலாக, வேர் மாதிரி பரவியிருந்தால் பூஞ்சை. ஆரம்ப நிலையில் துடைத்தால் போய்விடும், கோட்டிங்கைத் தின்றுவிட்டால் தடம் நிற்கும்.

உள்ளே புகை படிந்தது போல ஒரு மங்கல் இருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முன்தொகுதியும் பின்தொகுதியும் கையால் திருகிக் கழற்றக்கூடியவை. ஷட்டரைப் பார்த்த பரப்பில் எண்ணெய் ஆவி படிந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவில் பால்சம் என்ற பசை விட்டுப்போயிருந்தால் அது வேறு கதை. ஓரத்திலிருந்து உள்ளே வரும் வெள்ளிநிறத் திட்டு, அல்லது வானவில் வளையம். பிளாஸ்மாட்டில் முன்னும் பின்னும் ஒவ்வொரு ஒட்டு ஜோடி உண்டு, இரண்டையும் பாருங்கள். ஓரத்தில் நகக்கீற்று அளவு என்றால் எஃப்/22-இல் ஒன்றும் ஆகாது. ஆனால் அது வளரக்கூடியது.

ஃபில்டர் வளையத்தில் நசுங்கல் இருந்தால் விழுந்த லென்ஸ். மேலே கத்திமுனை சொன்ன மூலைக்கஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஷட்டர். 1 நொடியில் வைத்துத் தட்டுங்கள். உள்ளே பல்சக்கரம் சீராகக் கிர்ர் என்று ஓடி மூட வேண்டும். இழுத்து, தயங்கி, ஒரு கணம் நின்று பிறகு மூடினால் எண்ணெய் காய்ந்துவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும். செய்யக்கூடியதுதான், செலவைக் கணக்கில் வையுங்கள். போனில் ஒலிப்பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தால் திறப்புக்கும் மூடலுக்கும் இடைவெளி தெரியும், மெதுவான வேகங்களுக்கு இது நம்பகமான அளவு. 1/500 சரியாக இருக்கிறதா என்று மண்டையை உடைக்க வேண்டாம், எஃப்/22-இல் உங்களுக்கு அது எப்போது வேண்டும்?

கடைசியாக, பலர் பார்க்காதது அப்பர்ச்சர் அளவுகோல். உடைந்த ஷட்டருக்குப் பதிலாக வேறு லென்ஸின் ஷட்டரில் கண்ணாடிகளை மாட்டி விற்பது சாதாரணம். அளவுகோல் அந்தப் பழைய லென்ஸுக்கு எழுதியதாக இருக்கும். 150-ஐ 22-ஆல் வகுத்தால் 6.8. எஃப்/22-இல் வைத்து, ஒரு கை தூரத்திலிருந்து முன்கண்ணாடி வழியாகத் தெரியும் துவாரத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், ஏழு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். முழுத்திறப்பில் 27. எட்டரை ஒன்பது தெரிந்தால் அளவுகோல் பொய் சொல்கிறது.

#19 தலைகீழ்பிம்பம்

ஷட்டர்வைத்தியர் ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றையும் நேரில் பார்த்து வந்துவிட்டேன். பெயரைச் சொன்னால் மறுபடி கட்சி பிரிந்துவிடுவீர்கள், அதனால் அ, ஆ, இ என்று மட்டும்.

அ: கண்ணாடி மிகச் சுத்தம், ஒரு புள்ளி இல்லை. 1 நொடி இழுக்கிறது, அரை நொடியும் இழுக்கிறது. எஃப்/22-இல் துவாரம் 7-க்குள்.

ஆ: முன்கண்ணாடியில் துடைத்த மெல்லிய கோடுகள், டார்ச்சில் மட்டும் தெரிகின்றன. ஷட்டர் சீராக ஓடுகிறது. துவாரம் சரி.

இ: ஷட்டர் புதுசு மாதிரி. பின்தொகுதியில் ஓரத்தில் வெள்ளித் திட்டு, பிறை வடிவத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும்.

#20 ஷட்டர்வைத்தியர்

ஆ.

துடைப்புக் கோடுகள் எதிர்வெயிலில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும், ஹுட் போட்டால் அதுவும் இல்லை. அ-வைச் சுத்தம் செய்ய ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுவும் நல்லதுதான். இ வேண்டாம்.

#21 இருட்டறைவாசி

எனக்கும் ஆ. மிச்சமாகும் பணத்தில் ஹுட்.

#22 கத்திமுனை

நான் அ-வை எடுப்பேன். கண்ணாடியை மாற்ற முடியாது, ஷட்டரைச் சுத்தம் செய்ய முடியும். மெதுவான வேகம் வேண்டும்போது பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து வாயால் எண்ணிக்கொண்டால் போகிறது.

இன்னொன்று. போர்டைத் திருப்பி மாட்டி எடுத்துப் பார்த்தேன். மங்கல் வலது மூலையிலேயே நின்றது. ஆனால் மற்ற லென்ஸோடு அது வரவில்லையே, அது எப்படி?

#23 கறுப்புத்துணி

இரண்டுக்கும் லென்ஸ் போர்டு வெவ்வேறா? இரண்டும் ஒரே ஹோல்டரில், ஒரே பக்கத்தில் எடுத்ததா? அதையும் பார்த்துவிட்டுத் தனி இழை போடுங்கள், இங்கே கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார்.

#24 தலைகீழ்பிம்பம்

ஆ வாங்கிவிட்டேன். 52-லிருந்து 67-க்கு வளையம் சொல்லியிருக்கிறேன், எது என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஷிஃப்ட் இல்லாத படங்களுக்கு 33 மி.மீ. எனக்குப் போதும், அதற்கு மேல் ஏறும் கட்டடங்களுக்கு 90 இருக்கவே இருக்கிறது.

ஒரு சந்தேகம். கோப்பால் 0 துளை போட்ட போர்டு வாங்கினேன். துளை சரியான அளவு. ஆனால் ஷட்டர் போர்டில் படிந்து உட்காரவில்லை, ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இறுக்கினால் உட்கார்ந்துவிடுமா?

#25 ஷட்டர்வைத்தியர்

இறுக்காதீர்கள்! ஷட்டரின் பின்முகத்தைப் பாருங்கள், சின்னதாக ஒரு திருகு முளைத்துக்கொண்டு நிற்கும். ஷட்டர் சுழலாமல் இருக்க போர்டில் ஒரு வெட்டுக்குள் அது உட்கார வேண்டும். உங்கள் போர்டில் வெட்டு இருக்காது. சரியான அளவு திருப்புளியால் அந்தத் திருகைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், தட்டையாக உட்காரும்.

பின்தொகுதியைக் கழற்றும்போது அதற்கும் ஷட்டருக்கும் நடுவில் காகிதம் மாதிரி மெல்லிய பித்தளை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா லென்ஸிலும் இருக்காது. இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதே பக்கத்துக்குத் திரும்பப் போக வேண்டும், இரண்டு தொகுதிகளுக்கும் உள்ள இடைவெளி அதை வைத்துத்தான் சரி செய்யப்பட்டது. அப்புறம் போர்டுக்குப் பின்னால் பிடிவளையத்தைத் திருகுங்கள், கையால் போதாது, ஸ்பேனர் வேண்டும். பின்தொகுதியை மட்டும் கையாலேயே திருகுங்கள், இழை தொடங்கும்போது கொஞ்சமும் கட்டாயப்படுத்தாமல்.

#26 தலைகீழ்பிம்பம்

திருகு இருந்தது. கழற்றியாயிற்று, உட்கார்ந்துவிட்டது. பித்தளை வளையம் இல்லை. ஸ்பேனர் வரும்வரை ஃபிலிம் போடப்போவதில்லை, கிரவுண்ட் கிளாஸில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரைஸை 33-ஐத் தாண்டி ஏற்றினால் எந்த மூலை முதலில் இருளும்?

#27 அகலக்கோணம்

கிரவுண்ட் கிளாஸில் தெரிகிற படத்தின் அடி மூலைகள், அதாவது வானம் இருக்கும் பக்கம். பிம்பம் தலைகீழ் அல்லவா. கிரவுண்ட் கிளாஸின் மூலைகள் வெட்டிவிடப்பட்டிருந்தால் அந்த வெட்டு வழியாக லென்ஸைப் பாருங்கள். அப்பர்ச்சரை எஃப்/22-க்குச் சுருக்கிக்கொண்டு, துவாரம் முழுதாகத் தெரியும்வரை வெளிச்சம் வெட்டுப்படவில்லை. பூனைக்கண் மாதிரி ஒடுங்க ஆரம்பித்தால் ஒரு மி.மீ. இறக்குங்கள்.